எந்த மில்லேனியம் ஃபால்கனைக் கட்டுவது?

ஸ்டார் வார்ஸ் படங்களில் வரும் மில்லேனியம் ஃபால்கன் விண்கலத்தை நுணுக்கமான மாடலாகக் கட்டியே தீருவது என்று முடிவெடுத்தவருக்கு அடுத்த கேள்வி உடனே வந்து நிற்கும்: எதை வாங்குவது? ஜப்பானின் பண்டாய் நிறுவனத்தின் 1/72 கிட் இருக்கிறது, அதாவது கலத்தை 72ல் ஒரு பங்காகச் சுருக்கி, பாகங்களாகத் தரும் பெட்டி. அதே அளவில் ஃபைன் மோல்ட்ஸ் நிறுவனம் தந்த பழைய கிட் இருக்கிறது. டி அகோஸ்டினி பதிப்பகம் 100 இதழ்களாகப் பிரித்து விற்ற பெரிய மாடல் இருக்கிறது. ஃபால்கன் கிட் எதையும் வாங்காமல், டாங்கி, பந்தயக் கார், போர்க்கப்பல் கிட்டுகளின் பாகங்களைச் சேர்த்து நாமே கட்டும் கிட்பேஷிங் வழியும் இருக்கிறது. பலரும் விலையை வைத்து ஒப்பிடுவார்கள். எனக்கு அது சரியான அளவுகோலாகப் படவில்லை. இந்த நான்கிலும் கைக்கு வரும் வேலையே வேறு வேறு. ஒன்றில் பெரும்பகுதி வண்ணம் பூசுவது. ஒன்றில் ஒட்டுவதும் தேய்ப்பதும். ஒன்றில் ஸ்க்ரூ முடுக்குவது. கடைசியில் சொன்னதில் பாதி வாழ்க்கை தேடலிலேயே போகும். மாதக்கணக்கில் மாலை நேரங்களை எந்த வேலையோடு கழிக்க உங்களுக்குப் பிடிக்கும் என்று முதலில் யோசித்துவிட்டால், மற்ற கணக்கெல்லாம் தானாக வழிக்கு வரும்.

அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. அசல் ஃபால்கன் என்று ஒரே ஒரு கலம் கிடையாது.

1977ல் வந்த முதல் படத்துக்காக, கலிஃபோர்னியாவின் வான் நைஸில் இருந்த இன்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் பட்டறையில் சுமார் 5 அடி நீள மாடல் ஒன்றைக் கட்டினார்கள். முதலில் போட்ட வடிவமைப்பு வேறு. நீளமான உடலும் பின்னால் எஞ்சின் கொத்துமாக இருந்த அந்தக் கலம், அப்போது தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்த 'ஸ்பேஸ்: 1999' தொடரின் ஈகிள் கலத்தை நினைவூட்டுகிறது என்று கைவிடப்பட்டது. கட்டிய மாடலை வீணாக்கவில்லை. படத்தின் தொடக்கக் காட்சியில் துரத்தப்படும் கிளர்ச்சியாளர்களின் கப்பலாக அதுவே மாறியது. அதன் கூம்பு வடிவ விமானி அறை மட்டும் இடம் பெயர்ந்து, ஜோ ஜான்ஸ்டன் வரைந்த புதிய வட்டக் கலத்தின் வலப்பக்கம் போய் உட்கார்ந்தது. நாம் இன்று பார்க்கும் ஃபால்கன் அப்படிப் பிறந்தது.

1980ல் வந்த அடுத்த படத்தில் ஃபால்கன் விண்கற்களுக்கு நடுவே புரண்டு திரும்ப வேண்டியிருந்தது. 5 அடி மாடலை வைத்துக்கொண்டு அந்த அசைவுகளை எடுப்பது பெரும்பாடு. எனவே 32 அங்குலத்தில், அதாவது ஏறத்தாழ 81 செ.மீ. நீளத்தில், இன்னொரு மாடல் கட்டினார்கள். இரண்டும் ஒன்றுபோல் தோன்றும், ஆனால் ஒன்றல்ல. பெரியதில் மேல் ஓட்டுக்கும் கீழ் ஓட்டுக்கும் நடுவே ஓடும் பக்கச் சுவர் முழுக்கக் குழாய்களும் பெட்டிகளும் நெருக்கியடித்துக் கிடக்கும். சிறியதில் அந்த நெரிசல் குறைவு. 1977ல் அடியில் மூன்று கால்கள்தான். 1980 படத்துக்கு வந்தபோது முன்பக்கம் இரண்டைச் சேர்த்து ஐந்தாக்கினார்கள். மேலே இருக்கும் வட்ட ஆன்டெனா 1983 படத்தில் இடிபட்டுப் போய்விடும், அதனால் 2015லும் 2017லும் வந்த படங்களில் அந்த இடத்தில் செவ்வக ஆன்டெனா இருக்கும். கிட் வாங்கும்போது பெட்டியின் மேல் உள்ள படத்தில் இந்த ஆன்டெனாவைப் பார்த்தாலே எந்தக் காலத்து ஃபால்கன் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். பழைய கலம் வேண்டும் என்று ஆசைப்பட்டுச் செவ்வக ஆன்டெனா கிட்டை ஆர்டர் செய்தால், பிறகு மாற்று பாகம் தேடி அலைய வேண்டியதுதான்.

சரி, பண்டாய்க்கு வருவோம். 2017ல் பெர்ஃபெக்ட் கிரேட் என்ற வரிசையில் வந்த 1/72 கிட், 1977ன் 5 அடி மாடலைப் பார்த்துச் செய்தது. முடித்தால் 48 செ.மீ. நீளம். வந்தபோது வரி நீங்கலாக 40,000 யென் விலை. விளக்கு அமைப்பு பெட்டிக்குள்ளேயே வரும். விளக்கு இல்லாத, விலை குறைந்த 'ஸ்டாண்டர்ட்' பதிப்பும் பின்னால் வந்தது.

அசல் மாடலில் ஒட்டியிருந்த 1/35 டாங்கிச் சக்கரம் ஒன்று ஏறத்தாழ 2 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொண்டால், இந்தக் கிட்டில் அது ஏறத்தாழ 6 மி.மீ.தான் வரும். அந்த 6 மி.மீ.க்குள் சக்கரத்தின் விளிம்பும் நடு அச்சும் கூர்மையாக இருக்கின்றன. பெட்டியைத் திறந்து பக்கச் சுவர் பாகங்களை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஒவ்வொரு குழாயும் எங்கே தொடங்கி எந்தப் பெட்டிக்குள் நுழைகிறது என்று விரலால் தொடர்ந்து போகலாம். பசையே வேண்டாம், பாகங்கள் ஒன்றுக்குள் ஒன்று 'டக்' என்று உட்காரும். முதல் முறை நுணுக்கமான மாடல் கட்டுகிறவர்கூட அசெம்பிளியில் தடுமாற மாட்டார். பாகங்களை வெட்டி எடுக்க நல்ல நிப்பர் ஒன்று, அவை பிடித்திருக்கும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டிய தழும்பைச் சீவ ஒரு கத்தி, பொறுமை, இவை போதும்.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. முதலாவது, அப்படியே கட்டி வைத்தால் சாம்பல் நிற பிளாஸ்டிக் பொம்மையாகத்தான் தெரியும். இத்தனை நுணுக்கமும் கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் வண்ணமும் அழுக்கும் ஏறியாக வேண்டும். ஆகவே பண்டாய் வாங்குகிறவர் உண்மையில் வாங்குவது ஒரு பெயின்டிங் வேலையை. இரண்டாவது, பசையில்லாமல் இறுகிப் பிடிக்கும் பாகங்கள் எப்போதும் ஓர் இழுவிசையில் இருக்கும். இடுக்குகளில் இருளேற்ற நாம் விடும் எனாமல் வாஷின் தின்னர் அந்த இணைப்புகளுக்குள் கசிந்தால் பிளாஸ்டிக் விரிசல் விடும். கன்டாம் ரோபோ மாடல் கட்டுகிறவர்களுக்கு இது பழகிய தொல்லை. முதலில் பளபளப்பான கிளியர் கோட் அடித்து, அது நன்றாகக் காய்ந்த பிறகு வாஷைத் தேவையான கோட்டில் மட்டும் தொட்டு வைப்பதுதான் பாதுகாப்பு. பிரஷ்ஷில் முக்கி ஊற்றக் கூடாது.

ஃபைன் மோல்ட்ஸ் 2005ல் இதே 1/72 அளவில் ஃபால்கனைக் கொண்டுவந்தபோது, அதுவரை இருந்த எதுவும் அதற்குப் பக்கத்தில் நிற்கவில்லை. ஒட்டிக் கட்டும் கிட் இது. பண்டாய் வந்த பிறகு அதன் மவுசு குறைந்தது உண்மைதான், ஆனால் மோசமான கிட் ஆகிவிடவில்லை. போர் விமானம், டாங்கி என்று ஒட்டிக் கட்டிப் பழகியவர்களுக்கு இதன் கட்டுமானம் இயல்பாக இருக்கும். இடைவெளியைப் புட்டியால் அடைத்து, தேய்த்து, மறுபடி பார்த்துத் தேய்ப்பது சிலருக்குத் தியானம் மாதிரி. எனக்கும் அந்த வேலை பிடிக்கும். இருந்தாலும் இன்று இரண்டும் ஒரே விலையில் கிடைத்தால் பண்டாயைத்தான் எடுக்கச் சொல்வேன். பழைய பெட்டி ஒன்று நியாயமான விலையில் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். டீக்கால் (நீரில் நனைத்து ஒட்டும் படம்) தாள் மஞ்சளாகியிருக்கிறதா, ஒளி ஊடுருவும் பாகங்கள் கீறாமல் இருக்கின்றனவா என்று மட்டும் படம் கேட்டுப் பார்த்துவிடுங்கள்.

அதற்கும் முந்தையது எம்.பி.சி. நிறுவனம் 1979ல் வெளியிட்ட கிட். பல பெட்டிகளில், பல பெயர்களில் திரும்பத் திரும்ப வந்தது. வடிவம் பிசகு, பக்கச் சுவர் தடித்துப் போயிருக்கும், நுணுக்கங்கள் மழுங்கல். துல்லியமான மாடலுக்கு ஆகாது. மலிவாகக் கிடைத்தால் வெதரிங் (அழுக்கும் தேய்மானமும் ஏற்றுவது) பழக வைத்துக்கொள்ளலாம். அதைக் கொண்டுபோய்த் திருத்தித் திருத்தி அசலுக்கு அருகில் கொண்டுவந்தவர்கள் உண்டு, அவர்கள் உழைப்புக்கு என் மரியாதை. அதே உழைப்பைக் கிட்பேஷிங்கில் போட்டிருக்கலாமே என்றும் தோன்றும்.

டி அகோஸ்டினியின் மாடல் வேறு உலகம். 1980 படத்தின் 32 அங்குல மாடலை அதே அளவில் நகலெடுத்தது. உலோகச் சட்டகம், அதன் மேல் பிளாஸ்டிக் தகடுகள், உள்ளே விளக்குகள், மேல் ஓட்டைத் திறந்தால் உள்ளறை. இதழுக்குச் சில பாகங்கள் என்று 100 இதழ்கள். பெரும்பாலும் ஸ்க்ரூ டிரைவர் வேலை. தகடுகள் வண்ணம் பூசியே வரும்.

இந்த மாடலை மேசையில் வைத்தால் அறையே அதைச் சுற்றித்தான் இருக்கும். 81 செ.மீ. நீளம், கிட்டத்தட்ட 60 செ.மீ. அகலம். புத்தக அலமாரியில் நுழையாது, சாதாரணக் கண்ணாடிப் பெட்டியிலும் நுழையாது. கனமும் அதிகம், ஒரு கையால் தூக்கி இடம் மாற்றுவது நடக்காது. முதல் இதழ் மலிவாக இருக்கும், தொகுதி முறை விற்பனைக்கே அதுதான் வழக்கம். மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் பண்டாய் கிட்டைப் போலப் பல மடங்கு வரும். இடையில் நிறுத்தினால் கையில் இருப்பது பாதி எலும்புக்கூடு. ஆகவே இதை வாங்க நினைப்பவர், 100 இதழும் முழுத் தொகுதியாகக் கையில் வந்து சேருமா என்று உறுதி செய்யாமல் முதல் தவணையைக் கட்ட வேண்டாம். விற்பனைக்கு வரும் பழைய தொகுதிகளில் ஒரே ஓர் இதழ் குறைந்தாலும், அந்த ஒரு தகட்டுக்காக மாதக்கணக்கில் காத்திருக்க நேரும்.

ஆனால் இதற்கென்று ஒரு தனிப் பெருமை உண்டு. கேமராவுக்கு முன்னால் நின்ற மாடலின் அதே அளவில் ஒன்று நம் வீட்டில் இருக்கும். 1980 படத்தின் ஃபால்கன்தான் மனதில் நிற்கிறது என்பவருக்கு வேறெந்தக் கிட்டும் இந்த நிறைவைத் தராது. அந்தத் தொழிற்சாலை வண்ணத்தின் மேலேயே மறுபடி அழுக்கேற்றி, தகடுகளின் இடுக்குகளில் கூடுதல் பாகங்கள் ஒட்டி, அசலுக்கு வெகு நெருக்கமாகக் கொண்டுபோகிறவர்களும் இருக்கிறார்கள்.

இடமும் பணமும் குறைவு என்றால் பண்டாயின் 1/144 இருக்கிறது, 24 செ.மீ. நீளம். அளவைப் பார்த்து ஏமாற வேண்டாம், பொறிப்பு அருமை. 1/350ல் உள்ளங்கையில் அடங்குவதும் உண்டு. பெரிய கிட்டில் கை வைக்கும் முன் வண்ண வரிசையை ஒத்திகை பார்க்க இவைதான் சரி. லெகோவின் 7,541 துண்டு ஃபால்கனைப் பற்றியும் கேட்பார்கள். 2017ல் வந்த அது கட்டுவதற்கு மகிழ்ச்சியானது. நுணுக்க நகல் என்ற கணக்கில் அதைச் சேர்க்க மாட்டேன். லெகோ கட்டிகளின் அழகு தனி, அது வேறு ஆசைக்கு உரியது.

இனி கிட்பேஷிங். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் அசல் ஃபால்கனே அப்படித்தான் பிறந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து டாங்கிகள், பீரங்கிகள், பந்தயக் கார்கள், கப்பல்கள் என்று பெட்டி பெட்டியாகக் கிட்டுகளை வாங்கி, அவற்றின் பாகங்களைப் பிய்த்து, கலத்தின் உடலில் ஒட்டினார்கள். அப்படி ஒட்டும் துண்டுகளுக்கு கிரீப்ளி என்று அவர்கள் வைத்த பெயர் இன்றும் வழங்குகிறது. தனித்தனியாகப் பார்த்தால் அது ஒரு கார் எஞ்சினின் பாதி, ஒரு டாங்கியின் கூண்டு. ஒரே வண்ணம் ஏறியதும் அடையாளம் அழிந்து, இயந்திரம் என்ற உணர்வு மட்டும் மிஞ்சுகிறது. உண்மையான பொருள்களைப் பார்த்துப் பொறியாளர்கள் வடிவமைத்த துண்டுகள் என்பதால்தான் அந்தக் கலம் நிஜமாக ஓடும் என்று கண் நம்புகிறது.

இந்த வழியில் இரண்டு கிளைகள். ஒன்று, 5 அடி மாடலை அதே அளவில், அதே பாகங்களோடு மறுபடி கட்டுவது. எந்த இடத்தில் எந்தக் கிட்டின் எந்தப் பாகம் என்று ரசிகர்கள் பல ஆண்டுகளாகப் புகைப்படங்களை வைத்து அடையாளம் கண்டு வைத்திருக்கிறார்கள். அவற்றில் பல கிட்டுகள் உற்பத்தியில் இல்லை, பழைய பெட்டிகளின் விலை ஏறிக்கிடக்கிறது. ஒரே ஒரு பாகத்துக்காக முழுக் கிட்டை வாங்க நேரும். அதனால் ரெசினில் வார்த்த நகல்களும் 3டி பிரின்ட்டும் கைகொடுக்கின்றன. நல்ல ரெசின் பிரின்டர் வைத்திருப்பவருக்கு இந்தக் கிளை முன்பைவிட எவ்வளவோ எளிது. ஆனாலும் இது ஆண்டுக்கணக்கில் போகும் வேலை. 5 அடி மாடலுக்கு உள்ளே உறுதியான எலும்புக்கூடு வேண்டும், இல்லாவிட்டால் முன்னால் நீண்டிருக்கும் இரண்டு கொடுக்குகளும் நாளடைவில் தொய்ந்துவிடும்.

மற்றது, துல்லிய நகல் என்ற ஆசையை விட்டு, அதே முறையில் சொந்தமாக ஒரு சரக்குக் கலம் கட்டுவது. இதற்கு அரிய பெட்டிகள் தேவையில்லை. பாதியில் விட்ட டாங்கி கிட், கன்டாமின் மீந்த பாகங்கள், மெல்லிய ஸ்டைரீன் (கிட்டுகளின் பிளாஸ்டிக்) தகடு, இவை போதும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: எல்லா இடத்திலும் ஒட்டிவிடக் கூடாது. ஃபால்கனின் மேல் ஓட்டைப் பாருங்கள். தட்டையான பெரிய தகடுகள் அமைதியாக விரிந்து கிடக்கும், நடுநடுவே வெட்டிய பள்ளங்களில் மட்டும் இயந்திரம் பிதுங்கும். நெரிசலுக்குப் பக்கத்தில் வெற்றிடம் இருந்தால்தான் கலம் பெரியதாகத் தெரியும். தகடுகளைக்கூட ஒரே தடிமனில் வெட்டாமல் 0.3, 0.5 மி.மீ. என்று மாற்றி மாற்றி ஒட்டினால், வண்ணம் பூசும் முன்பே நிழல் விழத் தொடங்கும்.

எந்த வழியில் போனாலும் விளக்கும் வண்ணமும் வந்தே தீரும், செலவைக் கணக்கிடும்போது பலர் இதை விட்டுவிடுகிறார்கள். எல்இடி வைக்கப் போகிறீர்கள் என்றால், ஓட்டின் உட்புறம் முழுக்க முதலில் கருப்பு அடித்து, அதற்கு மேல் வெள்ளை அடியுங்கள். இல்லாவிட்டால் எஞ்சின் விளக்கைப் போட்டதும் சாம்பல் பிளாஸ்டிக் முழுதும் உள்ளிருந்து ஒளிரும், இவ்வளவு நேரம் செய்த வேலை அந்த நொடியில் பொம்மையாகிவிடும். எஞ்சினின் நீளப் பட்டையில் தனித்தனி எல்இடிகள் புள்ளி புள்ளியாகத் தெரியக் கூடாது, ஒளியைப் பரப்ப நடுவே பால் நிற அக்ரிலிக் துண்டு வையுங்கள்.

வண்ணத்தில் ஃபால்கன் வெள்ளை அல்ல, சாம்பலும் அல்ல. மங்கிய வெள்ளையில் ஒரு சொட்டு மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறம். அங்கங்கே செங்கல் சிவப்பிலும் மங்கிய மஞ்சளிலும் சாம்பலிலும் தகடுகள். அந்தச் சிவப்புத் தகடுகளுக்கு டீக்காலை விட வண்ணமே நல்லது. அடிவண்ணத்தின் மேல் ஹேர் ஸ்ப்ரே ஒரு கை அடித்துக் காயவிட்டு, அதன் மேல் நீர் சார்ந்த அக்ரிலிக் சிவப்பைப் பூசி, சிறிது நேரம் கழித்து ஈரமான குட்டைப் பிரஷ்ஷால் விளிம்பில் லேசாகத் தேய்த்தால் வண்ணம் செதில் செதிலாக உரியும். கையால் எவ்வளவு கவனமாக வரைந்தாலும் அந்த உரிதல் வராது. வாஷுக்குத் தூய கருப்பு வேண்டாம், அடர்பழுப்பும் சாம்பலும் கலந்தது போதும். புகைக்கறையை, காற்றழுத்தத்தில் வண்ணம் தூவும் ஏர்பிரஷ்ஷில் மிகவும் நீர்த்த வண்ணத்தால் பல தடவையாக ஏற்ற வேண்டும். ஒரே தடவையில் ஏற்றினால் மை கொட்டிய மாதிரி நிற்கும்.

நம் ஊரிலிருந்து செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. லேக்கர் வண்ணங்கள் தீப்பற்றக்கூடியவை என்பதால் சாதாரண விமான அஞ்சலில் வராது. கிட்டோடு சேர்த்து வரவழைத்துவிடலாம் என்று திட்டமிடாதீர்கள். இங்கேயே கிடைக்கும் வண்ணத்தில் செய்யப் பழகுங்கள். கார் பெயின்ட் கடையின் ப்ரைமர் கேன் மலிவு, ஆனால் சிலது ஸ்டைரீனை அரிக்கும். முதலில் சட்டத்தின் மீந்த துண்டில் அடித்துப் பாருங்கள். மழை நாளில், பளபளப்பைக் குறைக்கும் மேட் கோட் அடிக்க வேண்டாம், ஈரக் காற்றில் அது வெளுத்துப்போகும்.

இப்போது யாருக்கு எது? வண்ணம் பூசுவதில் ஆர்வம், ஓரளவு ஏர்பிரஷ் பழக்கம், மேசையில் அரை மீட்டர் இடம் இருப்பவருக்கு பண்டாய் 1/72. அதிலும் விளக்கில்லாத பதிப்பை வாங்கி, மிச்சப் பணத்தை நல்ல ஏர்பிரஷ்ஷில் போடுங்கள், விளக்குகளைப் பின்னால் தனியாக வாங்கிச் சேர்க்கலாம். அதற்காக மேல் ஓட்டை மட்டும் ஒட்டி மூடிவிடாமல் வையுங்கள். வண்ணம் பூசுவதே பிடிக்காது, ஆனால் பெரிதாக ஒன்று வேண்டும் என்பவருக்கு டி அகோஸ்டினி, முழுத் தொகுதி கிடைத்தால் மட்டும். ஏர்பிரஷ்ஷே இன்னும் வாங்காதவர் 1/144ல் தொடங்கட்டும். கிட்பேஷிங் ஆசை உள்ளவர் 5 அடி கனவைச் சற்றே ஒத்திவைத்து, முதலில் 30 செ.மீ.க்குள் சொந்தக் கலம் ஒன்றைக் கட்டிப் பார்க்கட்டும். அதற்குத் தேவையான முதல் கொள்முதல் ஒரு 1/35 டாங்கி கிட், 0.5 மி.மீ. ஸ்டைரீன் தகடு இரண்டு தாள், ஒரு குப்பி மெல்லிய பசை.